ஏக்கர் ஒரு டாலர்: அமெரிக்கா மாநிலங்களை உருவாக்கக் கற்றுக்கொண்ட கதை

போரில் ஜெயித்த அமெரிக்காவின் கையில் காசில்லை. 1783இல் பாரிஸில் ஒப்பந்தம் கையெழுத்தாகி விடுதலை உறுதியானபோது, பதின்மூன்று மாநிலங்களையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருந்த காங்கிரஸின் கஜானா காலி. (அங்கே நாடாளுமன்றத்தின் பெயரே காங்கிரஸ், நம்மூர்க் கட்சியை நினைத்துக்கொள்ள வேண்டாம்.) வரி போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. மாநிலங்களிடம் கேட்கலாம், கொடுத்தால் உண்டு. பிரான்ஸுக்கும் டச்சு வங்கியாளர்களுக்கும் கடன் பாக்கி. ஆண்டுக்கணக்காகச் சண்டை போட்ட சிப்பாய்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாகக் கடன் பத்திரங்களை நீட்டியிருந்தார்கள். அந்தக் காகிதத்தைக் கடைவீதிக்குக் கொண்டுபோனால், மேலே அச்சடித்திருந்த தொகையில் சிறு பங்குதான் தேறியது.

ஏராளமாக இருந்தது ஒன்றே ஒன்று: மேற்கே கிடந்த நிலம். அப்பலாச்சியன் மலைத்தொடரைத் தாண்டி மிசிசிப்பி ஆறு வரைக்கும் தனக்கு உரிமை என்று சொல்லிக்கொண்டிருந்ததைப் பிரிட்டன் அந்த ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்திருந்தது. அந்த மண்ணில் ஷானி, மயாமி, லெனாபி, வயண்டாட், ஒட்டாவா, ஒஜிப்வே, பொட்டாவட்டோமி என்று பல மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பாரிஸுக்கு அவர்களை யாரும் அழைக்கவில்லை. ஒப்பந்தத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அந்த நிலத்தை விற்றுக் கடனை அடைப்பது என்ற கணக்குதான் அமெரிக்க விரிவாக்கத்தின் முதல் இயந்திரம் என்பது என் எண்ணம். கண்டம் முழுவதும் பரவுவது கடவுள் தங்களுக்கு விதித்த விதி என்ற வீர வசனமெல்லாம் 1840களில் வந்தது. அதற்கு அறுபது ஆண்டுகள் முன்பே இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. அதை ஓட்டியவர்கள் கணக்குப் பிள்ளைகளும் நில அளவையாளர்களும்.

முதல் சிக்கல், அது யார் சொத்து என்பது. வர்ஜீனியா, கனெக்டிகட், மாசசூசெட்ஸ் போன்றவை இங்கிலாந்து அரசர்கள் தந்த பழைய சாசனங்களைக் காட்டி மேற்கு நிலத்துக்கு உரிமை கோரின. மேரிலாந்து போன்ற சிலவற்றுக்கு அப்படிச் சாசனம் கிடையாது. வர்ஜீனியா நிலத்தை விற்றே வரியில்லாமல் காலம் தள்ளிவிடும், நம் ஆட்கள் எல்லாம் அங்கே குடிபோய்விடுவார்கள் என்று மேரிலாந்து பயந்தது. பெரிய மாநிலங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கும் வரை பதின்மூன்று மாநிலங்களையும் இணைக்கும் கூட்டமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதில்லை என்று 1781 வரை முரண்டு பிடித்தது. அதைச் சமாதானப்படுத்த 1780இல் காங்கிரஸ் ஒரு வாக்குறுதி கொடுத்தது: விட்டுக்கொடுக்கும் நிலம் எல்லோருக்கும் பொது, அதில் உருவாகும் மாநிலங்கள் பழையவற்றுக்குச் சமம். வர்ஜீனியா 1784இல் ஓஹியோ ஆற்றுக்கு வடக்கேயுள்ள உரிமையை ஒப்படைத்தது. கனெக்டிகட் மட்டும் ஏரிக்கரையில் ஒரு துண்டைத் தனக்கென்று வைத்துக்கொண்டது. இன்றைய கிளீவ்லாந்து நகரம் அந்தத் துண்டில்தான் இருக்கிறது.

மாநிலச் சண்டையைத் தீர்ப்பதற்காகச் சொன்ன அந்த 'சமம்' என்ற சொல் பின்னால் பெரிய வேலை பார்த்தது. லண்டனிலிருந்து ஆளப்படும் காலனியாக இருக்க மாட்டோம் என்று போரிட்டவர்கள், மலைக்கு அந்தப் பக்கம் போகும் தங்கள் சொந்தக்காரர்களைக் காலனி மக்களாக வைத்து ஆள்வதா? அப்படி வைத்தால் அவர்களும் அறுத்துக்கொண்டு போக மாட்டார்களா? பயம் கற்பனையில்லை. இன்றைய டென்னசியின் கிழக்குப் பகுதியில் குடியேறியவர்கள் 1784இல் 'ஃபிராங்க்லின்' என்று தாங்களாகவே ஒரு மாநிலத்தை அறிவித்தார்கள். மிசிசிப்பியின் வாயில் இருந்த நியூ ஆர்லியன்ஸ் ஸ்பெயின் கையில். மேற்கத்திய விவசாயியின் விளைச்சல் கடலுக்குப் போக அதுதான் வழி. அதே ஆண்டு மேற்கே பயணம் போய்வந்த வாஷிங்டன், அங்கே இருப்பவர்கள் ஓர் இறகு பட்டாலே எந்தப் பக்கமும் சாய்ந்துவிடும் நிலையில் நிற்கிறார்கள் என்று எழுதினார்.

1784இல் தாமஸ் ஜெஃபர்சன் முதல் திட்டத்தை எழுதினார். மேற்கு நிலத்தைச் சின்னச் சின்ன மாநிலங்களாகக் கட்டம் போட்டுப் பிரித்து, பெயரும் வைத்தார்: பாலிபொட்டாமியா, அசெனிசிபியா, மெட்ரோபொட்டாமியா, செர்ரொனீசஸ், பெலிசிபியா. கிரேக்கம் படித்தவர் கையில் வரைபடம் கிடைத்தால் இப்படித்தான் ஆகும். நல்லவேளையாகக் காங்கிரஸ் பெயர்களை வெட்டிவிட்டது. அந்த வரைவில் இன்னொன்றும் வெட்டுப்பட்டது: 1800க்குப் பிறகு மேற்கில் எங்குமே, தெற்குப் பகுதி உட்பட, அடிமை முறை கூடாது என்ற விதி. நிறைவேற ஏழு மாநிலங்களின் வாக்கு தேவை, ஆறு கிடைத்தது. நியூ ஜெர்சியின் பிரதிநிதி ஒருவர் உடம்பு சரியில்லாமல் அறையில் படுத்திருந்ததால் அந்த மாநிலத்தின் வாக்கு கணக்கில் சேரவில்லை. ஒரு காய்ச்சலால் வரலாறு மாறியது என்று சொல்ல ஆசைதான். ஆனால் விதி நிறைவேறியிருந்தாலும் தெற்கத்தியப் பண்ணையார்கள் அதை மதித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

விற்பதென்றால் அளக்க வேண்டும். வர்ஜீனியா வழக்கப்படி, வாங்குகிறவன் தனக்குப் பிடித்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு ஓக் மரம், ஓர் ஓடை, ஒரு பாறை என்று எல்லை சொல்லிப் பதிவு செய்துகொள்வான். நல்ல மண்ணெல்லாம் முதலில் வந்தவனுக்குப் போகும். மரம் விழுந்தால் வழக்கு எழும். கென்டக்கியில் ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று பேர் பத்திரம் வைத்துக்கொண்டு தலைமுறைக்கும் நீதிமன்றத்தில் கிடந்தார்கள். 1785 மே மாதம் காங்கிரஸ் போட்ட நிலச் சட்டம் இதைத் தலைகீழாக மாற்றியது. முதலில் அளவு, பிறகு விற்பனை. ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு சதுர மைல் கொண்ட 36 பிரிவுகள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். குறைந்தபட்ச விலை ஏக்கருக்கு ஒரு டாலர், ஏலத்தில். ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 16ஆம் எண் பிரிவு பள்ளிக்கூடத்துக்கு. கோடுகள் வடக்கு தெற்காக, கிழக்கு மேற்காக நேராகப் போகும். குறுக்கே மலை வந்தாலும் ஆறு வந்தாலும் வளையாது.

அளந்தது கண்டர் சங்கிலி: 66 அடி நீளம், 100 கண்ணி. எண்பது சங்கிலி ஒரு மைல், பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். நம்மூரில் பழைய புல வரைபடங்களில் 'லிங்க்ஸ்' என்று அளவு போட்டிருக்குமே, அதே சங்கிலிதான். 1785 செப்டம்பர் 30 அன்று தாமஸ் ஹட்சின்ஸ் என்பவர், பென்சில்வேனியா எல்லை ஓஹியோ ஆற்றைத் தொடும் இடத்தில் முதல் முளையை அடித்து மேற்கே கோடு இழுக்கத் தொடங்கினார். இன்று விமானத்திலிருந்து பார்த்தால் தெரியும் சதுரச் சதுரமான அமெரிக்க வயல்களின் வரிசை அந்த இடத்தில்தான் ஆரம்பம். ஹட்சின்ஸ் அந்தப் பருவத்தில் நான்கு மைல்தான் போனார். பூர்வகுடிகள் தாக்குகிறார்கள் என்ற செய்தி கேட்டு ஆட்களோடு திரும்பிவிட்டார். தன் நிலத்தின் வழியே ஒருவன் சங்கிலியை இழுத்துக்கொண்டு போனால் அடுத்து என்ன வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்த விலை ஏழைகளுக்கு எட்டாது. குறைந்தது 640 ஏக்கர் வாங்க வேண்டும், அதாவது 640 டாலர். கோடரியோடு வந்து காட்டை வெட்டிக் குடிசை போட்டவனிடம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அவனைக் காங்கிரஸ் அத்துமீறிக் குடியேறியவன் என்றது. சிப்பாய்களை அனுப்பிக் குடிசைகளைக் கொளுத்தியது. சிப்பாய்கள் திரும்பிப் போனதும் குடிசைகள் மறுபடி எழுந்தன. இன்னொரு பக்கம் 1787இல் நியூயார்க்கில் நடந்த முதல் ஏலத்தில் விற்றது சுமார் 73,000 ஏக்கர் மட்டுமே. கடனை அடைக்க இது போதாது.

மொத்த வியாபாரி ஒருவன் வந்தால் நன்றாக இருக்கும் என்று காங்கிரஸ் காத்திருந்த நேரத்தில் வந்து சேர்ந்தார் மனாசே கட்லர். மாசசூசெட்ஸ் பாதிரியார், தாவரவியலிலும் கை வைத்தவர், பேச்சில் கெட்டிக்காரர். படைத்தளபதியாக இருந்த ரூஃபஸ் புட்னமும் மற்ற முன்னாள் ராணுவ அதிகாரிகளும் 1786இல் பாஸ்டன் மதுக்கடை ஒன்றில் கூடித் தொடங்கிய ஓஹியோ கம்பெனியின் ஆள் அவர். அவர்களிடம் காசு கிடையாது, சம்பளத்துக்குப் பதிலாகக் கிடைத்த கடன் பத்திரங்கள் இருந்தன. அந்தப் பத்திரத்தை முகமதிப்புக்கே எடுத்துக்கொண்டு பதினைந்து லட்சம் ஏக்கர் கொடுங்கள் என்றார்கள். சந்தை விலையில் கணக்குப் போட்டால் ஏக்கருக்குச் சில சென்ட்டுகள். கட்லர் 1787 ஜூலை தொடக்கத்தில் நியூயார்க் வந்தார். மாதம் முடிவதற்குள் பேரம் முடிந்தது. பேரம் படிய அவர் இரண்டு விட்டுக்கொடுப்புகள் செய்தார்: ஆளுநர் பதவிக்குத் தன் நண்பரைக் கைவிட்டு, காங்கிரஸின் தலைவராக இருந்த ஆர்தர் செயின்ட் கிளேரை ஆதரித்தார், கருவூல வாரியத்தின் செயலாளர் வில்லியம் டூயரும் அவர் கூட்டாளிகளும் தனியாகப் பல லட்சம் ஏக்கர் சுருட்ட, தன் கம்பெனியின் பெயரைப் பயன்படுத்திக்கொள்ள விட்டார்.

டூயர் கூட்டத்தின் சையோட்டோ கம்பெனி பாரிஸில் கடை விரித்தது. தனக்கு இன்னும் சொந்தமாகாத நிலத்தை, புரட்சிக்குப் பயந்து ஓடத் துடித்த பிரெஞ்சுக்காரர்களிடம் துண்டு போட்டு விற்றது. அங்கே விற்பனையில் இறங்கியவர்களில் ஒருவர் வில்லியம் பிளேஃபேர், இன்று எல்லா நாளிதழும் போடும் பட்டை வரைபடத்தைக் கண்டுபிடித்த அதே மனிதர். 1790இல் சில நூறு பேர் கடல் தாண்டி வந்து இறங்கினார்கள்: விக் செய்பவர்கள், நகை ஆசாரிகள், தச்சர்கள். கையில் இருந்த பத்திரம் செல்லாது. காட்டின் நடுவே அவர்கள் அமைத்த ஊர் காலிபொலிஸ், ஓஹியோ ஆற்றங்கரையில் இன்றும் இருக்கிறது. டூயர் 1792இல் நிதிச் சந்தையைச் சரியவைத்துவிட்டுக் கடனாளியாகச் சிறைக்குப் போனார்.

இத்தனை பெரிய தொகைக்கு நிலம் வாங்குகிறவர்கள், அங்கே என்ன ஆட்சி, என்ன சட்டம், சொத்துக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்பார்கள் அல்லவா? 1787 ஜூலை 13 அன்று நியூயார்க்கில் காங்கிரஸ் நிறைவேற்றிய வடமேற்குச் சட்டம் அந்தக் கேள்விக்குப் பதில். (ஆங்கிலத்தில் ஆர்டினன்ஸ் என்பார்கள்; நம் அவசரச் சட்டம் இல்லை இது.) அதே சமயம் ஃபிலடெல்ஃபியாவில் வேறொரு கூட்டம் அரசியல் சாசனத்தை எழுதிக்கொண்டிருந்தது, உலகத்தின் கண் அங்கே. நியூயார்க்கில் எட்டு மாநிலங்களின் பதினெட்டுப் பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்த்தவர் ஒரே ஒருவர்.

ஓஹியோ ஆற்றுக்கு வடக்கே, மிசிசிப்பிக்குக் கிழக்கே உள்ள பகுதியிலிருந்து மூன்றுக்குக் குறையாமல் ஐந்துக்கு மேற்படாமல் மாநிலங்கள் வரலாம் என்றது சட்டம். வருவதற்கு மூன்று படிகள். முதல் படியில் காங்கிரஸ் நியமிக்கும் ஆளுநர், செயலாளர், மூன்று நீதிபதிகள்; தேர்தல் என்ற பேச்சே இல்லை. வயது வந்த சுதந்திர ஆண்கள் ஐயாயிரம் பேர் சேர்ந்தால் இரண்டாவது படி: ஒரு சட்டசபை, காங்கிரஸுக்கு ஒரு பிரதிநிதி. அந்தப் பிரதிநிதி விவாதத்தில் பேசலாம், வாக்களிக்க முடியாது. அறுபதாயிரம் சுதந்திர மக்கள் சேர்ந்துவிட்டால் மூன்றாவது படி: மற்ற மாநிலங்களுக்கு எல்லா வகையிலும் சமமான மாநிலம். ஐம்பது ஏக்கர் இருந்தால்தான் வாக்கு, இருநூறு ஏக்கர் இருந்தால்தான் சபை உறுப்பினர், ஆளுநருக்கு ஆயிரம் ஏக்கர் வேண்டும். முதல் படி அப்படியே பிரிட்டிஷ் காலனி ஆட்சிதான் என்று அன்றே முணுமுணுத்தவர்கள் உண்டு. ஒரே வித்தியாசம், இந்தக் காலனி முறைக்கு முடிவுத் தேதி இருந்தது. தலை எண்ணினால் அந்தத் தேதி வந்துவிடும். மதச் சுதந்திரம், ஜூரி விசாரணை, சட்டவிரோதக் காவலுக்கு எதிரான பாதுகாப்பு ஆகியவையும் இதில் உண்டு. அரசியல் சாசனத்தில் உரிமைகள் பட்டியல் சேர்ந்தது நான்கு ஆண்டு கழித்துத்தான்.

சட்டத்தின் மூன்றாவது பிரிவு பூர்வகுடிகளைப் பற்றியது. அவர்களிடம் எப்போதும் மிகுந்த நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ள வேண்டும். அவர்கள் சம்மதம் இல்லாமல் அவர்கள் நிலத்தை ஒருபோதும் எடுக்கக் கூடாது. காங்கிரஸ் அங்கீகரித்த நியாயமான, சட்டபூர்வமான போர் ஏற்பட்டால் தவிர. முழு வாக்குறுதியும் அந்தத் 'தவிர'வில் தொங்கியது. நிலத்தை விற்று முன்பணமும் வாங்கிவிட்ட அரசு, சம்மதம் கிடைக்காத நாளில் என்ன செய்யும்?

அமெரிக்க அதிகாரிகள் 1784 முதல் 1786 வரை தனித்தனிக் குழுக்களைக் கோட்டைகளுக்கு அழைத்து, பிரிட்டன் தோற்றது, நீங்களும் தோற்றவர்களே என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். 1786 டிசம்பரில் கூடிய பூர்வகுடிக் கூட்டமைப்பு அதை ஏற்கவில்லை. நிலம் எங்கள் எல்லோருக்கும் பொது, எல்லோரும் சேர்ந்து கொடுத்தால்தான் செல்லும், அதுவரை அளவையாளர்கள் ஓஹியோ ஆற்றைத் தாண்டக் கூடாது என்று காங்கிரஸுக்கு எழுதியது. அடுத்த கோடையில் வடமேற்குச் சட்டம் நிறைவேறியது. 1788 ஏப்ரலில் புட்னமின் ஆட்கள் அந்த ஆற்றின் வடகரையில், மேரியெட்டாவில் வந்து இறங்கினார்கள்.

போர் வந்தது. 1790இல் ஹார்மர் தலைமையில் போன அமெரிக்கப் படை தோற்றது. 1791 நவம்பர் 4 விடியற்காலை, வாபாஷ் ஆற்றங்கரையில் முகாமிட்டிருந்த ஆளுநர் செயின்ட் கிளேரின் படையை மயாமி மக்களின் லிட்டில் டர்ட்டிலும் ஷானி மக்களின் புளூ ஜாக்கெட்டும் நடத்திய படை சுற்றி வளைத்தது. சில மணி நேரத்தில் 600க்கும் மேற்பட்ட சிப்பாய்கள் செத்தார்கள். 85 ஆண்டுகள் கழித்துப் பூர்வகுடிகளிடம் அமெரிக்கத் தளபதி கஸ்டரின் படை அழிந்த புகழ்பெற்ற சண்டையில் இறந்தவர்களின் எண்ணிக்கை இதில் பாதியைத் தொடாது. ஆனாலும் இந்தச் சண்டை பொது நினைவில் தங்கவில்லை. தோல்வியை விசாரிக்க அமைந்த குழுதான் அமெரிக்க நாடாளுமன்றம் அரசின் செயலை விசாரித்த முதல் முறை.

1793இல் வாஷிங்டன் அரசு பேச்சுக்கு ஆள் அனுப்பியது. ஓஹியோவுக்கு வடக்கே ஏற்கெனவே விற்ற நிலத்துக்குப் பணம் தருகிறோம் என்றார்கள். கூட்டமைப்பு எழுதி அனுப்பிய பதில், இந்த வரலாற்றில் நான் படித்த ஆவணங்களிலேயே கூர்மையானது. பணம் எங்களுக்கு மதிப்பில்லாதது, எங்களில் பலருக்கு அது என்னவென்றே தெரியாது என்கிறார்கள். உங்கள் குடியேறிகள் ஏழைகள். இல்லாவிட்டால் சண்டை ஓயாத இடத்துக்கு வந்திருக்க மாட்டார்கள். எங்களுக்குத் தருவதாகச் சொல்லும் பணத்தை அவர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போவார்கள். படை திரட்டச் செலவழிக்கும் பணத்தையும் சேர்த்துக் கொடுத்தால் அவர்களுடைய உழைப்புக்கும் ஈடாகிவிடும்.

கணக்கில் பிழையே இல்லை. ஆனால் அமெரிக்க அரசு அதைச் செய்ய முடியாத இடத்தில் இருந்தது. வாங்கியவர்களிடம் பத்திரம் இருந்தது, நாளை அவர்கள் வாக்காளர்கள், நாளை மறுநாள் அங்கிருந்து செனட்டர்கள் வருவார்கள். 1763இல் பிரிட்டிஷ் அரசர் மலைத்தொடரில் ஓர் எல்லை போட்டு, அதைத் தாண்டிக் குடியேறாதே என்றபோது, அவர் குடியேறிகளின் வாக்கை நம்பி இருக்கவில்லை. சொந்தக் குடியேறிகளுக்குச் சம உரிமை கொடுத்துவிட்ட குடியரசால் அப்படி ஓர் எல்லையை நீண்ட நாள் காப்பாற்ற முடியாது.

1794 ஆகஸ்ட் 20 அன்று ஃபாலன் டிம்பர்ஸ் என்ற இடத்தில் ஜெனரல் வெய்ன் கூட்டமைப்பைத் தோற்கடித்தார். பின்வாங்கி ஓடியவர்களுக்கு அருகில் இருந்த பிரிட்டிஷ் கோட்டை கதவைத் திறக்கவில்லை. ஆயுதம் கொடுத்துத் தூண்டிவிட்டவர்கள் கடைசி நேரத்தில் கைகழுவினார்கள். அடுத்த ஆண்டு கிரீன்வில் ஒப்பந்தத்தில் இன்றைய ஓஹியோவின் பெரும்பகுதி கைமாறியது: 20,000 டாலர் மதிப்புள்ள பொருட்கள், ஆண்டுக்கு 9,500 டாலர் மதிப்புள்ள பொருட்கள். டெகும்சே என்ற ஷானி இளைஞர் அதில் கையெழுத்திட மறுத்தார். அடுத்து வந்தவை போரைவிட மலிவான வழிகள். 1803 பிப்ரவரியில் ஜனாதிபதி ஜெஃபர்சன் இண்டியானா ஆளுநர் ஹாரிசனுக்கு எழுதிய கடிதத்தில், அரசுக் கடைகளில் பூர்வகுடித் தலைவர்களைக் கடனாளிகளாக்கினால் அவர்கள் நிலத்தைக் கொடுத்துக் கடனைத் தீர்ப்பார்கள் என்று சொல்லிக் கொடுக்கிறார். கடனிலிருந்து தப்ப நிலம் விற்கத் தொடங்கிய அரசு, நிலம் வாங்கக் கடனைக் கருவியாக்கிக்கொண்டது.

சட்டத்தின் ஆறாவது பிரிவு இந்தப் பகுதியில் அடிமை முறை கூடாது என்றது. தெற்கு மாநிலங்கள் பெரும்பான்மையாக இருந்த சபையில் இது எப்படி நிறைவேறியது? வர்ஜீனியாவின் வில்லியம் கிரேசன் ஒரு கடிதத்தில் காரணம் சொல்கிறார்: ஆற்றுக்கு வடக்கே புகையிலையும் அவுரியும் பயிராகித் தங்களுக்குப் போட்டியாகிவிடக் கூடாது என்று தெற்கத்தியர்கள் நினைத்தார்கள். தப்பி வரும் அடிமையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் உண்டு. நடைமுறையில் தடை ஓட்டைப் பானை. முன்பே இருந்த பிரெஞ்சுக் குடும்பங்கள் தங்கள் அடிமைகளை விடவில்லை. இண்டியானாவில், ஆயுளையே தாண்டும் காலத்துக்குக் கொத்தடிமை ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள். இல்லினாயில் 1824இல் அரசியல் சாசனத்தைத் திருத்தி அடிமை முறையைக் கொண்டுவரும் முயற்சிக்காகப் பொது வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 4,972, எதிர்ப்பு 6,640. சட்டத்தில் எழுதியிருந்ததால் மட்டும் வடக்கு சுதந்திர மண்ணாகவில்லை. ஒவ்வொரு முறையும் ஆள் சேர்த்துத் தடுக்க வேண்டியிருந்தது.

1800இல் 320 ஏக்கராகவும் 1804இல் 160 ஆகவும் குறைந்தபட்ச அளவு இறங்கி, தவணையும் வந்ததும் குடியேற்றம் வெள்ளமானது. ஓஹியோவில் 1800இல் சுமார் 45,000 பேர், 1810இல் 2,30,000. 1803இல் ஓஹியோ மாநிலமானது. அதற்கான முறையான தீர்மானத்தைப் போடக் காங்கிரஸ் மறந்துவிட்டது. 1953இல் யாரோ கவனித்துச் சொல்ல, 150 ஆண்டு முன்தேதியிட்டு நிறைவேற்றினார்கள். இண்டியானா 1816, இல்லினாய் 1818, மிச்சிகன் 1837, விஸ்கான்சின் 1848. ஐந்தோடு கணக்கு முடிந்தது.

முறை முடியவில்லை. 1803இல் நெப்போலியனிடமிருந்து 1.5 கோடி டாலருக்கு லூசியானாவை வாங்கியபோது, 8,28,000 சதுர மைலை என்ன செய்வது என்று புதிதாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை: சதுரம் போடு, விற்பனை செய், தலை எண்ணு, மாநிலமாக்கு. இன்றைய ஐம்பது மாநிலங்களில் 31 இந்தப் படிக்கட்டில் ஏறி வந்தவை. எல்லோருக்கும் படி ஒரே உயரத்தில் இருக்கவில்லை. ஸ்பானிஷ் பேசும் மக்கள் மிகுந்த நியூ மெக்சிகோ 1850 முதல் 1912 வரை 62 ஆண்டுகள் இரண்டாவது படியிலேயே நின்றது.

1898இல் ஸ்பெயினிடமிருந்து புவேர்ட்டோ ரிக்கோ வந்தது. இது அமெரிக்காவுக்குச் சொந்தமானது, ஆனால் அமெரிக்காவின் பகுதி ஆகாது என்ற பொருள்படும் தீர்ப்பை 1901இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முடிவுத் தேதி இல்லாத காலனி அதன் பின்தான் சட்டப்படி சாத்தியமானது. அந்தத் தீவில் இன்று முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கக் குடிமக்கள் வாழ்கிறார்கள். வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபைக்கு அவர்கள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார்கள். அவர் விவாதத்தில் பேசலாம்; சட்டம் நிறைவேறும்போது வாக்களிக்க முடியாது.